செல்ஃப் எடுக்காத காலை

கிக்கர் இருந்த காலத்தில் பேட்டரி செத்தாலும் வண்டி ஓடியது. இன்று பேட்டரி போனால் வண்டி நின்றுவிடுகிறது. ஒன்றரைக் கிலோ ஈயப் பெட்டியை நம்பிப் பிழைப்பு ஓடும் இருசக்கர வாகனங்களில், அந்தப் பெட்டி எப்படிச் சாகிறது, எப்படிக் காப்பாற்றுவது, செத்தபின் அது எங்கே போகிறது?

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னை திரும்பும் அதிகாலை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்று கிளம்பியதும், தோளில் பையும் கையில் அரிசி மூட்டையுமாக ஒரு கூட்டம் வாகன நிறுத்துமிடத்துக்குள் நுழைகிறது. வண்டிகளின் சீட்டில் ஒரு வாரத் தூசி. டோக்கனைக் கொடுத்து, துணியால் ஒரு தட்டுத் தட்டி, சாவியைத் திருகி, கட்டை விரலால் பொத்தானை அழுத்துகிறார்கள். முதல் வண்டி உறுமிக்கொண்டு கிளம்புகிறது. இரண்டாவதும் கிளம்புகிறது. மூன்றாவது வண்டியிலிருந்து வருவது ஒரே சத்தம்தான்: டிக்... டிக்... டிக்.

ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பின்னும் ரயில் நிலைய ஸ்டேண்டுகளில் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம். அலுவலகம் போக வேண்டிய ஒருவர் தன் பைக்கை இரண்டாவது கியரில் போட்டு, க்ளட்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். பின்னால் முன்பின் தெரியாத இரண்டு பேர் தள்ளுகிறார்கள். பக்கத்தில் ஸ்கூட்டரோடு நிற்கும் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பின்சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் அந்தச் சுழற்சி எஞ்சினுக்குப் போய்ச் சேராது. எவ்வளவு தூரம் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

ஆறு நாள் நிறுத்தி வைத்ததால்தான் பேட்டரி போய்விட்டது என்று அங்கே நிற்கும் எல்லோரும் நம்புகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி ஆறு நாளில் சாகாது. ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் அது இழப்பது சில சதவீதம் மின்சாரம்தான். அந்த மூன்றாவது வண்டியின் பேட்டரி பல மாதங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. தினமும் ஓடியதால் அது வெளியே தெரியவில்லை. விடுமுறை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

கிக்கர் போன கதை

இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வண்டி வாங்கியவர்களுக்கு இந்தப் பதற்றம் புரியாது. அன்றைய 100 சிசி பைக்குகளில் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் ஆகியவைதான் பேட்டரியை நம்பி இருந்தன. தீப்பொறி, எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டோவிலிருந்து சிடிஐ பெட்டி வழியாக வந்தது. பல வண்டிகளில் ஹெட்லைட்டும் அப்படியே. எஞ்சினை முறுக்கினால் வெளிச்சம் கூடும், ஓய்ந்தால் மங்கும். பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் ஓட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

புல்லட்காரர்கள் மட்டும் அப்போதே பேட்டரியை மதிக்கத் தெரிந்தவர்கள். பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சுற்றைத் திறந்து மூடும் பகுதி) வைத்த பழைய புல்லட்டுக்குத் தீப்பொறியே பேட்டரியிலிருந்துதான் வந்தது. ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு சின்ன ஆம்மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டு கிக்கரை மெல்ல அமுக்கினால், பாயிண்ட் திறக்கும் இடத்தில் அதன் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கிருந்து சற்றே நகர்த்தி, ஒரே உதை. சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதையும் ஓட்டும்போதே அந்த முள் காட்டிவிடும்.

நிலைமை படிப்படியாகத்தான் மாறியது. 2017 ஏப்ரல் 1 முதல், புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, மின்சாரத்தில் இயங்கும் ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது, கார்புரேட்டர் ஏறத்தாழ முழுவதுமாக விடைபெற்றது. அதன் இடத்துக்கு வந்த எஃப்ஐ (எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும்) அமைப்பில் பெட்ரோலைத் தள்ளுவது மின் பம்ப். எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று முடிவுசெய்வது ஈசியு என்ற சின்னக் கணினி. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்; அதுவும் குறையாத வோல்டேஜில் வேண்டும்.

கிக்கரும் ஒவ்வொரு மாடலாகக் காணாமல் போனது. உதைத்து ஸ்டார்ட் செய்வதற்கே பேர்போன ராயல் என்ஃபீல்டில், 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ல் கிக்கர் இல்லை. 2023-ல் வந்த புதிய புல்லட்டிலும் இல்லை. சில ஸ்கூட்டர்களிலும் சிறிய பைக்குகளிலும் கிக்கர் இன்னும் இருக்கிறது. சில மாடல்களில் பேட்டரி பலவீனமாக இருந்தாலும் உதைத்து எழுப்பிவிட முடிகிறது. ஆனால் எஃப்ஐ வண்டியில் பேட்டரி முற்றிலும் காலியாகி, கணினியும் பம்பும் விழிக்காவிட்டால், உதைக்கிற கால் வலிப்பதுதான் மிச்சம்.

பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்த அந்த ஏப்ரல் 1 அன்று நாடே கொரோனா ஊரடங்கில் இருந்தது. மார்ச் 25-ல் தொடங்கிய முடக்கத்தில் வண்டிகள் வாரக்கணக்கில் தெருவோரங்களிலும் அடுக்குமாடிகளின் தரைத்தளத்திலும் நின்றன. தளர்வு வந்ததும் மெக்கானிக் கடைகளில் முதலில் சேர்ந்த கூட்டத்தில் பலர் சொன்னது, செல்ஃப் எடுக்கலை என்ற புகார்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859-ல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான் இன்றும் நம் சீட்டுக்கடியில் இருக்கிறது. அடிப்படை வேதியியல் மாறவில்லை. ஆறு அறைகள், ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட், சேர்ந்தால் 12.6-க்கு மேல். மின்சாரம் வெளியேறும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது.

சிக்கல் தொடங்குவது, அரைகுறை சார்ஜில் பேட்டரி நாள்கணக்கில் கிடக்கும்போதுதான். மென்மையாகப் படிந்த சல்ஃபேட், உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் பிடிக்கும் வெள்ளைப் படிவத்தைப் போல இறுகிப்போகிறது. அதன்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்த இடம் வேலை செய்யாது. 4 ஆம்ஸ் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி பெயரளவில் 4 ஆம்ஸாகவே இருக்கும். உள்ளே அதில் பாதி கூடத் தேறாது. மீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டிவிட்டு, பொத்தானை அழுத்தியதும் சடாரென்று இறங்கும் பேட்டரிகள் இந்த வகை.

பழைய பேட்டரிகளில் ஆறு மூடிகள் இருக்கும். மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். இன்று வரும் பெரும்பாலானவை மூடி முத்திரையிட்ட வகை; அமிலம் முழுவதும் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஊறியிருக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதால் இவற்றுக்கு ‘மெயின்டெனன்ஸ் ஃப்ரீ’ என்று பெயர் வந்தது. அதையே எந்தக் கவனிப்பும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டதால்தான் பல பேட்டரிகள் பாதி வயதில் போகின்றன.

■ பெட்டிச் செய்தி: மீட்டர் சொல்லும் சேதி

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். வண்டியை நிறுத்திக் குறைந்தது சில மணி நேரம் கழித்து, சாவி ஆஃபில் இருக்கும்போது பார்க்க வேண்டும்.

12.7 வோல்டும் அதற்கு மேலும்: முழு சார்ஜ். மூடிய வகைப் பேட்டரியில் 12.8-க்கு மேலும் காட்டும்.
12.4 அளவில்: முக்கால். சார்ஜ் போட வேண்டிய நேரம்.
12.2: ஏறத்தாழ பாதி. இப்படியே விட்டால் சல்ஃபேட் இறுகும்.
12-ம் அதற்குக் கீழும்: ஏறத்தாழ காலி. அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும்.
செல்ஃப் அடிக்கும் நொடியில் 10-க்குக் கீழே சரிந்தால்: பேட்டரி தேய்ந்துவிட்டது, அல்லது காலியாக இருக்கிறது.
எஞ்சினைச் சற்று முறுக்கிப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வரை: வண்டி சரியாக சார்ஜ் ஏற்றுகிறது.

எத்தனை வருஷம் வரும்?

கடைக்காரரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஒழுங்காக ஓடும், ஒழுங்காகக் கவனிக்கப்படும் வண்டியில் மூன்று முதல் நான்கு ஆண்டுகள் எதிர்பார்க்கலாம். ஐந்தைத் தாண்டியவையும் உண்டு. இரண்டே வருடத்தில் கைவிட்டவை அதைவிட அதிகம். ஒரே கம்பெனி, ஒரே மாடல் பேட்டரி, ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீடுகளில் இப்படி வேறு வேறு ஆயுளைக் காட்டுவதற்குக் காரணம் வண்டி எங்கே நிற்கிறது, எப்படி ஓடுகிறது என்பதுதான்.

முதல் காரணம் வெயில். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் பனிக்காலத்தைப் பற்றியே எச்சரிக்கின்றன. அங்கே குளிரில் பேட்டரி சோர்ந்துபோவது உண்மை. வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் பேட்டரியைத் தின்பது கத்திரி வெயில். ஈய-அமில பேட்டரியின் ஆயுள் கணக்கெல்லாம் 25 டிகிரியை அடிப்படையாக வைத்துப் போடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. சும்மா கிடக்கும்போது தானாகவே இறங்கும் மின்சாரமும் வெப்பத்தோடு இரட்டிக்கிறது. 40 டிகிரி வெயிலில், நிழல் இல்லாத ஸ்டேண்டில், பக்கவாட்டுப் பெட்டிக்குள் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரியின் நிலையை யோசித்துப் பார்க்கலாம். மே மாதத்தில் பட்ட அடியின் விளைவு மார்கழிக் காலையில்தான் தெரியவரும். குளிரைத் திட்டிவிட்டுப் புதுப் பேட்டரி வாங்குவார்கள்.

வேப்பமரத்தடியோ ஓர் ஓலைப் பந்தலோ பேட்டரிக்குக் கூடுதல் மாதங்களைக் கொடுக்கும். செலவில்லாத பராமரிப்பு இதைவிட வேறில்லை.

இரண்டாவது காரணம் வெளியே தெரியாத கசிவு. சாவியை எடுத்த பிறகும் டிஜிட்டல் மீட்டரின் கடிகாரம் ஓடுகிறது. ஈசியுவின் நினைவகத்துக்கும் துளி மின்சாரம் போகிறது. கம்பெனி வைத்தவை சில மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். வெளியே பொருத்திய அலாரம், ஜிபிஎஸ் கருவி, சரியாக ஒட்டாத ஒயர் இவை சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் இழுத்தால்? ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-ஹவர். பத்து நாளில் 2.4. ஒரு 4 ஆம்ஸ் பேட்டரியில் அது 60 சதவீதம். தாம்பரத்தில் நின்ற அந்த மூன்றாவது வண்டிக்கு இப்படி ஒரு கசிவும் இருந்திருந்தால், கிளம்பாமல் போனதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது காரணம் குட்டிப் பயணம். செல்ஃப் அடித்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று பயந்து, சிக்னலில் எஞ்சினை அணைக்காமல் நிற்பவர்கள் நிறையப் பேர். நல்ல நிலையில் இருக்கும் வண்டி ஒரு நொடிக்குள் ஸ்டார்ட் ஆகிவிடும். அதற்குச் செலவாவது மிகக் கொஞ்சம். ஓரிரு கிலோமீட்டர் ஓட்டினாலே ஏறத்தாழ திரும்பிவிடும். பேட்டரியை வாட்டுவது அதுவல்ல. பால் வாங்க ஐந்நூறு மீட்டர், மாவு வாங்க இன்னொரு ஐந்நூறு மீட்டர் என்று, சார்ஜ் ஏறுவதற்குள் அணைத்து அணைத்து ஓட்டுவதும், ஸ்டார்ட் ஆகாத வண்டியில் பொத்தானைப் பத்து நொடி விடாமல் அழுத்துவதும்தான். நெரிசலில் ஐட்லிங்கில் ஊர்ந்துகொண்டே, போனைச் சார்ஜில் போட்டு, பிரேக் லைட்டும் எரிய நிற்பதும் இதே கணக்கில் சேரும். எஞ்சின் சுற்று குறையும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் குறையும். பற்றாக்குறையைப் பேட்டரி கொடுக்க வேண்டியிருக்கும்.

கூடுதல் விளக்கு மாட்டுவோர் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று: 20 வாட் பனிவிளக்கு இரண்டு பொருத்தினால், 3 ஆம்பியருக்கு மேல் போகும். எஞ்சின் ஓடாமல் அவற்றை மட்டும் எரியவிட்டால், 4 ஆம்ஸ் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குவதே கஷ்டம்.

நின்றுபோனால் யாருக்கு நஷ்டம்?

பேட்டரியின் விலை ஆயிரத்துச் சொச்சம் ரூபாயிலிருந்து தொடங்குகிறது. பெரிய வண்டிகளுக்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. ஆனால் இழப்பு பேட்டரி விலையோடு முடிவதில்லை.

உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்களின் வண்டியைப் பாருங்கள். ஒரு நாளில் முப்பது, நாற்பது முறை அணைத்து எழுப்புகிறார்கள். ஹேண்டில்பாரில் போன் எப்போதும் சார்ஜில் இருக்கிறது. உணவகத்தின் வாசலில், வெயிலில், காத்திருக்கிறார்கள். பேட்டரிக்கு எதெல்லாம் ஆகாதோ அத்தனையும் அந்த ஒரே வண்டியில் நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு, ஆர்டர் குவியும் நேரத்தில், செல்ஃப் எடுக்காமல் போனால் அந்த இரவின் வருமானமே போகும். அவசரத்தில் பக்கத்துக் கடையில் கேட்ட விலையைக் கொடுத்து, என்ன தேதியில் தயாரானது என்று கூடப் பார்க்காமல் ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். அதுவும் சீக்கிரமே போகும்.

கிராமங்களில் நிலைமை வேறு விதம். கடைசிப் பேருந்துக்குப் பின் ஸ்கூட்டர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரே வழி. பள்ளி ஆசிரியைகள், கிராமச் செவிலியர்கள், மில் வேலைக்குப் போகும் பெண்கள் எனப் பலருக்கும் கியர் இல்லாத வண்டி பெரிய விடுதலை. காட்டுப்பாதையில், ஆளில்லாத இடத்தில் அது நின்றுபோனால், தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை. அவர்களுக்கு பேட்டரியின் நிலை ஒரு பாதுகாப்புப் பிரச்சினை. மெக்கானிக்குகள் சர்வீஸ் பில்லில் எண்ணெய்க்கும் ஏர் ஃபில்டருக்கும் தரும் இடத்தை வோல்டேஜ் பரிசோதனைக்கும் தர வேண்டும். இரண்டு நிமிட வேலை அது. பெரும்பாலான கடைகளில் நடப்பதில்லை.

பேட்டரி முன்னறிவிப்பு இல்லாமல் போய்விடுகிறது என்பார்கள். அறிகுறிகள் இருக்கும், கவனிக்காமல் விட்டிருப்போம். ஹாரன் சத்தம் சற்றுக் கம்மும். ஐட்லிங்கில் இண்டிகேட்டர் தயங்கித் தயங்கி எரியும். செல்ஃப் அடிக்கும்போது டிஜிட்டல் கடிகாரம் அழிந்து 12:00-க்குப் போகும். சிக்னலில் தானாக அணைந்து எழும் வசதியுள்ள வண்டிகளில் அந்த வசதி வேலை செய்யாமல் நிற்கும். பேட்டரி இறங்கினால் அதை அணைத்துவிடும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் மீட்டர் வைத்துப் பார்த்தவர்கள் நடுரோட்டில் நிற்பதில்லை.

பேட்டரி மேல் விழும் பழி

செல்ஃப் எடுக்காத வண்டியெல்லாம் பேட்டரி போன வண்டி அல்ல. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு, ஆறே மாதத்தில் மறுபடி நின்றுபோய், அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டு வேறொன்று வாங்குபவர்களைப் பார்க்க முடிகிறது. குற்றவாளி பல நேரங்களில் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். அது பழுதானால் இரண்டில் ஒன்று நடக்கும். சார்ஜே ஏறாது, அல்லது 15 வோல்டுக்கு மேல் ஏறி, உள்ளிருக்கும் ஈரம் வற்றி, பக்கவாட்டில் பேட்டரி உப்பிவிடும். உப்பிய பேட்டரியைக் கண்டால், அடுத்ததை மாட்டும் முன் ரெகுலேட்டரைப் பரிசோதிப்பது அவசியம்.

இன்னொரு குற்றவாளி டெர்மினல். போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருந்தாலே போதும், ஹாரன் அடிக்கும், விளக்கு எரியும், செல்ஃப் மட்டும் எடுக்காது. பழைய வகைப் பேட்டரிகளில் டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பூக்கும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். சோடா நீர் மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடைத்து, காயவைத்து, இறுக்கிய பிறகு மேலே லேசாக வாசலின் தடவினால் மறுபடி பூக்க நாளாகும்.

மூன்றாவது குற்றவாளியைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: சார்ஜ் போட்டுக் கொடுக்கும் கடை. பைக் பேட்டரிக்கு அதன் ஆம்ஸில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். 4 ஆம்ஸ் பேட்டரி என்றால் 0.4 ஆம்பியர், முழுக்க ஏற பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார், லாரி பேட்டரிகளோடு ஒரே சார்ஜரில் வரிசையாக மாட்டி, ஒரு மணி நேரத்தில் ‘ரெடி’ என்று கொடுத்தால், அந்தச் சின்னப் பெட்டி உள்ளே வெந்துபோயிருக்கும். காலையில் கொடுத்து மாலையில் வாங்க அவசரப்படுத்துவது நாம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தானாக நிற்கும் சிறிய பைக் சார்ஜர் ஒன்றை அடுக்குமாடியில் நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கி வைத்தால், அந்தச் செலவு இரண்டு பேட்டரி தப்பியதிலேயே ஈடாகிவிடும்.

■ பெட்டிச் செய்தி: மாதம் பத்து நிமிடம்

மீட்டரில் வோல்டேஜ் பாருங்கள். டெர்மினல் போல்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். மூடி உள்ள பேட்டரி என்றால், பக்கவாட்டுக் கோட்டில் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ, ஆர்.ஓ. தண்ணீரோ, அமிலமோ கூடாது. மூடி இல்லாத பேட்டரியைத் திறக்கவே முயலக் கூடாது.

வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுவதால் பயனில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போகிறீர்களா? மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். வரிசை மாறினால், ஸ்பேனர் சேஸிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடக்கூடியது. பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம்.

வெள்ளம் வந்தால்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தரைத்தள வாகன நிறுத்தங்கள் மூழ்கின. இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்த முதல் காரியம், ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்த்தது. அதைத்தான் செய்யக் கூடாது.

வெள்ள நீரில் உப்பும் சேறும் சாக்கடையும் கலந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். மூழ்கிய நிலையில் பேட்டரி இரண்டு டெர்மினலுக்கும் இடையே மெல்லக் கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும். சாவியைப் போட்டால் ஈரமான கனெக்டர்கள் வழியாக ஈசியுவுக்கும் பாதிப்பு போகும். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், செல்ஃப் அடிப்பது இன்னும் பெரிய செலவில் கொண்டுவிடும். முதலில் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். பேட்டரியை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, மீட்டரில் பார்க்க வேண்டும். மூடிய வகைப் பேட்டரி முழுகியும் பிழைத்துவிடுவது சகஜம். சார்ஜ் போட்டால் மீளும். மூடி உள்ள வகையில் உள்ளே அழுக்குத் தண்ணீர் போயிருந்தால் காப்பாற்ற முடியாது. வண்டி மெக்கானிக்கிடம் போகிற வரைக்கும் பேட்டரி வீட்டில் இருப்பதே நல்லது.

பழைய பேட்டரி எங்கே போகிறது?

சின்னப் பைக் பேட்டரியின் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதமும் அதற்கு மேலும் ஈயம்தான். முறையான ஆலையில் அந்த ஈயத்தை ஏறத்தாழ முழுவதும் மீட்டு மறுபடி பேட்டரியாக்கலாம். இவ்வளவு நன்றாக மறுசுழற்சியாகும் பொருள் நம் வீட்டில் அரிது. கெடுதலும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஈயத்துக்கு உடனே விலை கிடைக்கும் என்பதால், கோடாரியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கும் சிறு பட்டறைகள் உலகின் பல ஏழை நாடுகளில் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இயங்குகின்றன.

செனகல் நாட்டின் தலைநகர் டக்கார் அருகே தியாரோய் என்ற ஊரில், 2007 இறுதியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரிகளிலிருந்து மண்ணில் கலந்த ஈயம்தான் காரணம் எனத் தெரியவந்தது. யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது 80 கோடிக் குழந்தைகள் வரையிலானோரின் ரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாகக் கணித்தது. அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். பெயின்ட், மசாலாக் கலப்படம் எனப் பல வழிகளில் ஈயம் உடலில் சேர்ந்தாலும், முறையற்ற பேட்டரி உருக்கும் தொழிலை அந்த அறிக்கை முக்கியக் காரணமாகச் சுட்டியது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அந்தப் பாதிப்பை மாற்ற மருந்தில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் 2001-லேயே இதற்கு விதி வந்தது. அதற்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பேட்டரியைத் தயாரித்து விற்பவரே அது கழிவான பிறகு திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு. வாங்கியவரின் கடமை, அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைப்பது. பேட்டரியின் மேல் குறுக்கே அடித்த குப்பைத் தொட்டிப் படமும், ஈயத்தைக் குறிக்கும் ‘பிபி’ என்ற வேதிக் குறியும் இருப்பது இதற்காகத்தான். விதி தெளிவாக இருக்கிறது. தெருவில் இன்னும் காயலான் கடைக்காரர்தான் முதலில் வருகிறார். சில பத்து ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று அவரிடம் போடுவோர் பலர். அந்த ரூபாய் எந்த ஊர்க் குழந்தையின் உடலிலிருந்து வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அதனால் புதிய பேட்டரி வாங்கும் இடத்திலேயே பழையதைக் கொடுத்துவிடுவதுதான் நல்லது. அங்கீகாரம் பெற்ற கடைகள் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு விலையில் கழிக்கின்றன. அங்கேயே இன்னும் சிலவற்றையும் பார்த்துவிடலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதம் மூன்று மாதத்துக்குள் இருக்கிறதா? கடை அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்தது என்றால், சல்ஃபேட் அங்கேயே பிடிக்கத் தொடங்கியிருக்கும். ஆம்ஸ் கம்பெனி சொன்ன அளவுதானா? 24 + 24 மாத உத்தரவாதம் என்றால், முதல் பாதியில்தான் இலவச மாற்று. இரண்டாம் பாதியில் தள்ளுபடி மட்டும். அந்த அட்டையில் கடை முத்திரை, விற்ற தேதி, வண்டி எண் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். மாட்டும் முன் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும், 12.5-க்குக் கீழே இருந்தால் முழு சார்ஜ் போட்டுத் தரும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை. கடைசியாக ரசீதில் பழைய பேட்டரிக்குக் கழித்த தொகை தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பணத்தைக் கொடுக்கலாம்.